களை என்னும் சொல்

(சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

விழாவில் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். சிலம்பையும் கம்பனையும் விரித்துரைக்க நம்மினும் கற்றார் பலர் இம்மேடையில் உளர். நாமோ பள்ளியிறுதி வகுப்போடு நின்று, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தோம். ஆகவே பெருநூல்களைப் பெரியோர்க்கு விட்டு, ஈரெழுத்துச் சொல் ஒன்றை எடுத்துக்கொண்டோம். அது 'களை' என்பது.

சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்ஸிகன் போன்ற பேரகராதியைப் புரட்டுவோர்க்கு, இச்சொல்லின் உள்ளே பல சொற்கள் குடியிருப்பது விளங்கும். பயிரோடு முளைக்கும் வேண்டாப் புல் களை. நீக்குதல் என்னும் வினையும் களை. ஆடை களைதல், ஐயம் களைதல் என்கிறோம். உடலின் சோர்வும் களையே; களைத்துப் போனான், களைப்பாறினான் என்பன அதன் வழி வந்தவை. இவற்றிற்கு நேர்மாறாக, முகத்தின் ஒளியும் களை எனப்படுகிறது. 'பெண் நல்ல களையாக இருக்கிறாள்' என்று நம் தாய்மார் சொல்வது இதனையே. இது வடமொழியில் மதியின் பதினாறு கூறுகளைக் குறிக்கும் 'கலா' என்பதன் வழி வந்ததென்பர்.

இங்கே ஒரு விந்தையைக் காணலாம். கூட்டம் நிறைந்து விழாப் பொலிவு பெற்றால் 'களை கட்டிவிட்டது' என்கிறோம். வள்ளுவர் காலத்துத் தமிழிலோ களை கட்டல் என்றால் களையைப் பிடுங்குதல் என்று பொருள். கேள் என்பது கேட்ட என்றாவதுபோல, கள் என்னும் பழைய வினை கட்ட என்றாயிற்று. உழவு அதிகாரத்தின் 1038ஆம் குறளிலும், கொடியோரை ஒறுக்கும் அரசனை உழவனோடு ஒப்பிடும் 550ஆம் குறளிலும் இவ்வினை வருகிறது. இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஓர் உண்மை புலப்படும். வயலில் களை கட்ட பின்னரே உழவன் முகத்தில் களை கட்டுகிறது.

இனிச் செடிக்கு வருவோம். களை என்று தனியே ஒரு செடி உண்டோ? இல்லை. வங்காளிகள் களையை 'ஆகாச்சா' என்பர். 'காச்' என்றால் மரம், செடி. அதில் சேராதது ஆகாச்சா. செடியே ஆயினும் செடியென்று மதிக்கத் தகாதது என்பது கருத்து. ஆகவே களை என்பது செடியின் பெயரன்று. செடியின்மேல் மனிதன் கூறும் தீர்ப்பின் பெயர்.

நம் தொழிலிலிருந்தே சான்று தருவோம். தண்டவாளத்தின் அடியில் ஜல்லி பரப்பியிருப்பது, பாரத்தைத் தாங்குவதற்கும் மழைநீர் தேங்காமல் வடிவதற்கும். அந்த ஜல்லியிடையே புல் முளைத்தால் மண் சேரும், நீர் தேங்கும், பாதை தளரும். எனவே அதனைக் களைகின்றனர். அதே புல் சில அடி தள்ளி, கரையின் சரிவில் வளர்ந்தால் மழையில் மண் கரையாமல் காக்கிறது. அங்கே புற்பத்தை வைத்தே வளர்ப்பதும் உண்டு. ஒரே புல், மேலே களை, கீழே காவல்.

மற்றொன்று. நம் ஊர் நெல்வயலில் ஆரைக்கீரை களை. இங்கே அதற்குச் சுசுனி என்று பெயர். காளி பூசைக்கு முன்னாள் வங்காளிகள் பதினான்கு கீரை உண்ணும் வழக்கம் உடையவர்கள். அப்பதினான்கில் சுசுனிக்கும் இடமுண்டு. கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் வரப்போரத்தில் களை. வைத்தியர் வீட்டில் மருந்து. அறுகு வயலில் களை. பிள்ளையார் திருமுன் அருச்சனைப் பொருள்.

அவ்வாறாயின் களை என்று ஒன்றுமே இல்லையோ என்று கேட்பீர்கள். உண்டு. இந்நாட்டுக் குளங்களை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரையைப் பாருங்கள். தென் அமெரிக்காவில் தோன்றியது. பூவின் அழகுக்காகவே நாடுவிட்டு நாடு கொண்டுசெல்லப்பட்டது. ஆனால் நீர்ப்பரப்பு முழுவதும் படர்ந்து ஒளியை மறைக்கிறது. அடியில் உள்ள மீன் மூச்சுக்குத் தவிக்கிறது. படகு செல்ல வழியில்லை. இதனை ஒழிப்பதற்கென்றே 1936இல் வங்காளத்தில் தனிச் சட்டம் இயற்றினர்.

இது களையாயிற்று, அயல்நாட்டிலிருந்து வந்ததனாலா? அன்று. மிளகாயும் அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்ததே. உருளைக்கிழங்கும் அவ்வழி வந்ததே. மிளகாயின்றி நம் குழம்பில்லை. உருளைக்கிழங்கின்றி வங்காளியின் சமையலில்லை. அவற்றைக் களையென்பார் எவருமிலர். வந்தது என்பதனால் ஒன்று களையாவதில்லை. பக்கத்தில் உள்ளதை வாழவிடாததே களை. தீங்கு தெளிந்தபின் அதனை இளமையிலேயே களைய வேண்டும். முள்மரம் முற்றினால் வெட்டுவோன் கையைப் புண்படுத்தும் என்று 879ஆம் குறள் எச்சரிக்கிறது.

ஆனால் களைபவனுக்குக் கண் வேண்டும். நெல்லின் இடையே நெல்லைப் போலவே நிற்கும் புல் உண்டு. கதிர் விடும்வரை புதியவனுக்கு வேறுபாடு தெரியாது. கை வேகமாயிருந்து கண் மந்தமாயிருந்தால் நெல் போய்ப் புல் நிற்கும்.

அலுவலகங்களிலும் களையெடுப்பு உண்டு. பழைய ரிக்கார்டுகளில் இத்தனை ஆண்டு வைக்க வேண்டியவை, என்றும் வைக்க வேண்டியவை என்று பிரித்து, எஞ்சியதைக் கழிப்பார்கள். ஓர் அலுவலகத்தில் அவசரமாய் நடந்த இப்பணியில், ஓய்வுபெற்ற கேங்மேன் ஒருவரின் பணிப்பதிவேட்டுத் தாள்கள் பழங்காகிதத்தோடு போயின. அவர் மறைந்தபின் அவர் மனைவி குடும்ப ஓய்வூதியம் கேட்டு வந்தார். கணவரின் பணியையும், தாம் அவர் மனைவி என்பதையும் மெய்ப்பிக்க அந்த அம்மையார் மூன்று ஆண்டு படியேறி இறங்கினார். பின்னர் வேறொரு பிரிவில் இருந்த சம்பளப் பட்டியல்களைக் கொண்டு ஒருவாறு முடிந்தது. கழித்தவர் தீயவர் அல்லர். தாளைப் பார்த்தார், தாளில் இருந்த மனிதரைப் பார்க்கவில்லை.

செடியிலும் தாளிலும் இத்தகைய தவறு நேருமாயின், மனிதர் திறத்தில் எத்துணை எச்சரிக்கை வேண்டும்! பிழைப்பை நாடி வந்தோரைக் களையென்று பேசுவோர் எந்த நாட்டிலும் உளர். அச்சொல் சுடும் என்பது அயலூரில் வாழும் நமக்குத் தெரியும். அதனால் இன்று வெளிப்படையாக ஒன்று சொல்ல விரும்புகிறோம்.

இந்த வங்கத்துச் சிற்றூர்களிலிருந்து இளைஞர் பலர் திருப்பூருக்கும் கோவைக்கும் சென்னைக்கும் இரயிலேறுகின்றனர். நாம் விடுமுறையில் ஊர் செல்லும் அதே வண்டிகளில், உட்கார இடமின்றி நின்றுகொண்டே செல்கின்றனர். பின்னலாடைத் தொழிற்சாலையிலும் கட்டட வேலையிலும் உழைக்கின்றனர். ஊரில் உறவினர் கூடியிருக்கும்போது இவர்களைப் பற்றிப் பேச்சு எழும். 'எங்கே பார்த்தாலும் இவர்கள்தாம், களைபோல மண்டிவிட்டார்கள்' என்று ஒருவர் சொல்வார். அப்போது நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் வாளாவிருக்கிறோம். நம்மைப் பற்றி இங்கே அப்படிப் பேசினால் கொதிக்கும் நாம், அங்கே அதைக் கேட்டு அமைவது தகுமா? அவர்கள் எவர் ஒளியை மறைத்தார்கள்? எவர் மூச்சை அடைத்தார்கள்? அவர்கள் தைத்த ஆடையை நாம் உடுக்கிறோம். அவர்கள் கட்டிய வீட்டில் நம் உறவினர் குடியேறுகின்றனர்.

இறுதியாக இச்சொல்லின் உறவு ஒன்றனைக் கூறி அமைவோம். 'களைகண்' என்று ஒரு பழஞ்சொல் உண்டு. துன்பம் நீக்கும் துணை, பற்றுக்கோடு என்பது அதன் பொருள். ஆழ்வார்கள் இறைவனை அச்சொல்லால் அழைத்தனர். நட்பைப் பற்றிய 788ஆம் குறளும், ஆடை நெகிழ்ந்தவன் கைபோல விரைந்து சென்று நண்பனின் இடர் களைவதே நட்பு என்கிறது. எனவே களைதல் என்பது ஆளை நீக்குவதன்று. ஆளின் துன்பத்தை நீக்குவது.

முன்னாளில் நம்மவர் இங்கு வந்து இறங்கியபோது, தங்க இடமும் பேசத் துணையும் தந்த களைகணாகச் சங்கங்களே விளங்கின. அப்பணி முடிந்துவிடவில்லை, திசைதான் மாறியிருக்கிறது. நாம் சங்கத்தார்முன் வைக்கும் வேண்டுகோள் இதுவே. தமிழ்நாட்டிற்கு வேலைக்குப் புறப்படும் இந்நாட்டு இளைஞர்க்கு, ஞாயிறு மாலைகளில் நம் கூடத்தில் பேச்சுத்தமிழ் கற்பிப்போம். கூலி கேட்க, வழி கேட்க, மருத்துவரிடம் நோயைச் சொல்ல வேண்டிய அளவு போதும். செலவு கரும்பலகையும் சுண்ணக்கட்டியுமே. ஆசிரியராக அமர நாம் முதலில் பெயர் கொடுக்கிறோம். இன்னும் இருவர் முன்வந்தால் தொடங்கிவிடலாம்.

அவ்வகுப்பில் பயின்ற இளைஞன் ஒருவன் திருப்பூரில் இறங்கி, 'அண்ணா, வணக்கம்' என்று தமிழில் சொல்வானாயின், அன்றே நம் சங்கம் மெய்யாகக் களை கட்டியதாகும்.