துருக்கித் தொப்பியும் தலைத்துணியும்



தொப்பி என்ற சொல்லைச் சங்க நூல்களிலே காணோம். சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு என்று தலையிலே பூச்சூடிய மரபு நம்முடையது. தலைப்பாகை கட்டப் பழகிய பின்னரும், கோயில் வாசலை மிதித்ததும் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பிலே கட்டுவதுதான் நமக்கு மரியாதை. வெள்ளைக்காரரும் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றுபவரே. இஸ்லாமிய சகோதரர்களுக்கோ தலையை மூடியிருப்பதே மரியாதை. இந்த வேறுபாடு விளங்காத ஒருவர் நீதியாசனத்தில் இருந்தபோது நடந்தது ஒன்றை இன்று சொல்லலாம் என்று எண்ணுகின்றேன்.

1905ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி. கொழும்பு உயர் நீதிமன்றத்திலே எம். சி. அப்துல் காதர் என்ற நியாயதுரந்தரர் துருக்கித் தொப்பியுடன் தோன்றுகிறார். அந்தத் தொப்பியோடு வழக்குரைக்க இடமில்லை என்கிறார் பிரதம நீதியரசர் லயாட். அப்துல் காதர் அதைக் கழற்ற இசையவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 31இல் மருதானைப் பள்ளிவாசல் வளவிலே பெருங்கூட்டம் கூடிற்று. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் முதலியோர் முன்னின்று போராடினர். ஈற்றில் அந்த உரிமை கிடைத்தது.

இத்தனைக்கும் துருக்கித் தொப்பி இந்நாட்டில் வேரூன்றி அப்போது அதிக காலம் ஆகவில்லை. 1883இல் எகிப்திலிருந்து இங்கு நாடுகடத்தப்பட்டு வந்த ஒறாபி பாஷாவையும் அவர் தோழர்களையும் பார்த்தே அது பரவியது என்பர். அறிஞர் சித்திலெப்பை 1885இல் 'அசன்பே சரித்திரம்' எழுதியபோது கதைக்களம் எகிப்தாக அமைந்ததையும் இதனோடு சேர்த்து நினைக்கலாம். அந்நியராட்சியை எதிர்த்துத் தோற்றவர்களின் தொப்பி அது. அதைக் கழற்று என்று அந்நிய ஆட்சியின் நீதிபதியே சொன்னால் மனம் கொதிக்காதா? இதைத் 'தொப்பிச் சண்டை' என்று சிரித்தபடி சொல்வாரைக் கண்டிருக்கிறேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிப்பதில்லை.

இனித் துருக்கிக்கே போவோம். அங்கும் அது ஆதியிலிருந்து வந்ததன்று. 1829இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூது உத்தியோகத்தரின் தலைப்பாகையை நீக்கி, இத்தொப்பியை அணியச் செய்தார். அப்போதும் முணுமுணுப்பு எழுந்தது. நூறாண்டு முடியுமுன், 1925 நவம்பர் 25இல், முஸ்தபா கமால் ஆட்சி கொண்டுவந்த சட்டம் அதே தொப்பியைத் தள்ளிவிட்டு ஐரோப்பிய விளிம்புத் தொப்பியைப் புகுத்தியது. நெற்றி நிலத்திலே படத் தொழுபவருக்கு முன்விளிம்பு எவ்வளவு இடைஞ்சல்! தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பது நம் பழமொழி. அங்கே தலைப்பாகைக்கு வந்தது தலையையும் கொண்டுபோயிற்று. ஐரோப்பியத் தொப்பியை எதிர்த்து அச்சட்டத்துக்கு முந்திய ஆண்டே சிறுநூல் எழுதிய ஆதிஃப் ஹோஜா, 1926 பெப்ரவரி 4இல் தூக்கிலிடப்பட்டார்.

கொழும்பிலே உரிமையென்று போராடிப் பெற்ற தொப்பி, இருபது ஆண்டில் அதன் பெயருக்குரிய நாட்டிலேயே குற்றமாயிற்று. வகுப்பிலே இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

பெண்களின் தலையைப் பற்றி அந்தச் சட்டம் வாய்திறக்கவில்லை. அதனால் அவர்கள் தப்பினார்கள் என்று எண்ணவேண்டாம். பின்னாளில் பல்கலைக்கழகங்களிலும் அரச அலுவலகங்களிலும் தலைத்துணிக்குத் தடை வந்தது. இஸ்தான்புல்லில் தெரிவான மெர்வே கவாக்சி என்ற பெண்மணி சத்தியப்பிரமாணம் செய்யத் தலைத்துணியோடு பாராளுமன்றம் புகுந்தார். மேசைகளைத் தட்டிக் கூச்சலிட்டுச் சக உறுப்பினர்களே அவரைப் பிரமாணம் செய்ய விடவில்லை. அன்றைய திகதியைப் பாருங்கள்: 1999 மே 2. அப்துல் காதர் கொழும்பிலே தொப்பியோடு நின்ற அதே மே 2. இம்முறை கழற்று என்றவர் அந்நியரல்லர். அந்தப் பெண்ணின் சொந்த நாட்டவரே. அந்த மாதத்திலேயே அவருடைய குடியுரிமையும் பறிக்கப்பட்டது.

2013இல் அரச அலுவலகங்களில் பெரும்பாலானவற்றிலே அத்தடை நீங்கியது. அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி நான்கு பெண் உறுப்பினர்கள் தலைத்துணியோடு அதே பாராளுமன்றத்துள் நுழைந்து அமர்ந்தார்கள். அவர்களை வெளியேற்ற எவரும் எழவில்லை.