வீட்டுத் தோட்டமும் செய்திதான்



2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கா தாக்கப்பட்ட பிறகு நாளிதழ்களில் அவர்கள் பெயர் அடிபட்டதெல்லாம் பெரும்பாலும் குண்டு, கைது, சந்தேகம் என்ற செய்திகளில்தான். என்ன சமைக்கிறார்கள், வீட்டை எப்படி வைத்திருக்கிறார்கள், விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகிறார்கள் என்று விசாரிப்பார் இல்லை.

2003இல் லண்டனில் தொடங்கிய ‘எமல்’ இதழ் அதை விசாரித்தது. ஆசிரியர் சாரா ஜோசப், பதினாறு வயதில் இஸ்லாத்தைத் தழுவிய ஆங்கிலேயர். 1992 முதலே ஃபுஆத் நஹ்தியின் ‘கியூ-நியூஸ்’ இதழ் முஸ்லிம் அரசியலைச் சூடாக விவாதித்துவந்தது. எமல் வேறு வழியில் போனது. வழவழப்பான தாளில் பெரிய வண்ணப் படங்கள். சமையல், தோட்டம், வீட்டு அலங்காரம், உடை, வட்டியில்லா முதலீடு. 2005 ஜூலையில் லண்டன் ரயில்களிலும் பேருந்திலும் குண்டுகள் வெடித்து நகரமே கலங்கியிருந்த காலத்தில், ஒரு முஸ்லிம் குடும்பத்தின் சாப்பாட்டு மேசையை அழகாக அச்சிடுவது சாதாரணக் காரியமல்ல. துணிச்சல் வேண்டும்.

அமெரிக்காவில் அட்லாண்டாவிலிருந்து வந்த ‘அஸீஸா’ இதழ் எமலுக்கும் மூத்தது. 2000இல் அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் தையிபா டெய்லர், டிரினிடாடில் பிறந்தவர். முஸ்லிம் பெண்களைப் பற்றி மற்றவர்களே பேசிக்கொண்டிருந்த நாட்டில், அந்தப் பெண்களையே எழுத வைத்தார். 2014இல் அவர் மறைந்தார்.

இந்த இதழ்களுக்கெல்லாம் கடினமான பகுதி உடைப் பக்கம்தான். பெண்ணின் முகத்தைக் காட்டலாமா? முக்காடிட்டவரை மட்டுமா, இடாதவரையுமா? எதைச் செய்தாலும் வாசகரில் ஒரு சாரார் முகம் சுளிப்பார்கள். அந்தத் தயக்கத்தோடே அவர்கள் பக்கங்களை வடிவமைத்ததை நான் குறையாகக் கருதவில்லை. தங்கள் வாசகரை அறிந்த ஆசிரியருக்கே அது வரும்.

குறையும் உண்டு. விலையுயர்ந்த நாற்காலிகளும் வெளிநாட்டுப் பயணங்களும் நிறைந்த பக்கங்களில், வட இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் டாக்சி ஓட்டுகிறவரின் வீட்டுக்கு இடம் குறைவு. இத்தகைய இதழ்கள் விளம்பரத்தை நம்பி நிற்பவை. வாங்கும் சக்தி உள்ளவர்களையே அவை முதலில் தேடும். அப்படியும் அவற்றுக்கு நீண்ட ஆயுள் வாய்க்கவில்லை. 2007இல் வந்த ‘முஸ்லிம் கேர்ள்’ என்ற இதழ் சீக்கிரமே நின்றது. எமலின் அச்சு இதழ் ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் முடிந்தது.

ஆனாலும், பிரிட்டிஷ் முஸ்லிம்களின் அன்றாட வாழ்க்கை அந்தப் பத்தாண்டில் எப்படி இருந்தது என்று அறிய விரும்புகிறவர், நாளிதழ்களுக்கு முன் எமலின் பழைய இதழ்களைப் புரட்டுவதே நல்லது.