அடங்கும் மூளையின் கடைசி நிமிடங்கள்

உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் பெறும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதத்தைச் செலவிடுவதாலும், அதைச் சேமித்துவைக்க வழியில்லாததாலும், இதயம் நின்ற சில நொடிகளிலேயே நினைவு தப்பிவிடுகிறது. ஆனால் மூளை அக்கணமே அணைந்துவிடுவதில்லை.

நரம்பணுவின் உள்ளே பொட்டாசியமும் வெளியே சோடியமும் மிகுந்திருக்கும்படி காக்கும் நுண்ணிய புரத இறைப்பிகள், ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு தீர்ந்ததும் ஓய்ந்துவிட, சோடியமும் கால்சியமும் உள்ளே பாய்கின்றன. அணுக்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் குளூட்டமேட், அளவின்றிக் கொட்டி, அவற்றுக்கே நஞ்சாகிறது.

இச்சிதைவின் நடுவே ஓர் எழுச்சியும் நிகழ்வதுதான் பெருவியப்பு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜீமோ போர்ஜிகின் குழுவினர் 2013இல் எலிகளை ஆராய்ந்தபோது, இதயம் நின்ற 30 நொடிகளுக்குள், விழிப்புணர்வோடு தொடர்புடைய வேகமான மின்னதிர்வுகளாகிய காமா அலைகள் வலுத்தன. 2015இல், மூச்சடைத்த எலிகளின் மூளையில் டோபமைன், நார்எபிநெஃப்ரின் முதலிய நரம்பியக்கடத்திகள் திடீரெனப் பெருகின. 2023இல், செயற்கைச் சுவாசம் நீக்கப்பட்ட 4 நோயாளிகளுள் இருவரிடம் அதே காமா எழுச்சி தென்பட்டது. எண்ணிக்கை சிறிதாகையால், அவர்கள் எதையோ கண்டனர் என முடிவுகட்டுவது முறையன்று.

செவியைப் பற்றிய சான்று இன்னும் நெருக்கமானது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 2020ஆம் ஆண்டு ஆய்வில், இறுதி மணி நேரங்களில் அசைவற்றுக் கிடந்த நோயாளிகளுள் சிலரின் மூளை, சீராக ஒலித்த தொனி நடுவே மாறியதும், நலமுள்ளோரின் மூளையைப் போலவே மின்குறி காட்டியது. ஆகவே படுக்கையருகே இருப்போர், மறுமொழி வரவில்லை என்பதற்காகப் பேச்சை நிறுத்திவிட வேண்டாம்.