எபிசோட் 37: சிவப்புப் புள்ளி, மரப்பிடி, ஒரு திருகு

பின்னாடி டக்கு டக்குனு கேக்குறது பக்கத்து வீட்டுத் தறி, மைக் கோளாறு இல்ல. ஆரணில இருந்து பேசுற ஷோ, அந்தச் சத்தம் வரத்தான் செய்யும்.

போன எபிசோடுக்குக் கீழ ஒரு நேயர் கேட்டிருந்தார்: "ரீல்ஸ்ல வர்ற பிஸ்டல் எல்லாத்துலயும் மேல ஒரு குட்டிக் கண்ணாடி இருக்கு, பிடி முழுக்க சொரசொரனு இருக்கு. ஒலிம்பிக்ஸ்ல பாத்தா கண்ணாடியும் இல்ல, பிடி மரக்கட்டை மாதிரி இருக்கு. எது மாடர்ன்?" நல்ல கேள்வி. ஆரணின்னா எல்லாருக்கும் பட்டுப்புடவைதான் ஞாபகம் வரும். ஆனா 1751-ல ராபர்ட் கிளைவ் சண்டை போட்ட ஊர் இது, 1782-ல ஹைதர் அலி படையோட இன்னொரு சண்டை. துப்பாக்கிச் சத்தம் இந்த ஊருக்குப் புதுசு இல்லன்னு சொல்ல வந்தேன், அவ்வளவுதான். விஷயத்துக்கு வருவோம்.

முதல்ல அந்தக் குட்டிக் கண்ணாடி. அது டெலஸ்கோப் இல்ல, எதையும் பெருசாக்கிக் காட்டாது. உள்ள ஒரு எல்ஈடி, அதோட வெளிச்சம் வளைஞ்ச கண்ணாடியில பட்டுத் திரும்பி, ரொம்பத் தூரத்துல ஒரு சிவப்புப் புள்ளி மிதக்குற மாதிரி உங்க கண்ணுக்கு வருது. சாதாரண பிஸ்டல்ல முன்னாடி ஒரு சின்னக் கட்டை, பின்னாடி ஒரு பள்ளம். ஃப்ரண்ட் சைட், ரியர் சைட். பள்ளத்துக்கு நடுவுல கட்டை நிக்கணும், அதுக்கு மேல இலக்கு உக்காரணும். மூணும் மூணு தூரத்துல இருக்கு. கண்ணால ஒரு நேரத்துல ஒரு தூரத்தைத்தான் தெளிவா பாக்க முடியும். புள்ளி வந்ததும் அந்தப் பஞ்சாயத்து முடிஞ்சுது: இலக்கைப் பாரு, அது மேல புள்ளியை வை.

பிரச்சினை அதை எப்படி மாட்டுறதுங்கிறதுதான். பிஸ்டலோட மேல் பாகம், ஸ்லைடு, ஒவ்வொரு குண்டுக்கும் வேகமா பின்னாடி போய் முட்டி, திரும்பி முன்னாடி வந்து முட்டும். அது மேலதான் இந்த எலக்ட்ரானிக் சாமான் உக்காரணும். சுத்தியல் தலையில வாட்சைக் கட்டி ஆணி அடிக்கிற மாதிரி. க்ளாக் 2015-ல எம்ஓஎஸ்னு ஒரு ஏற்பாடு கொண்டுவந்தாங்க. ஸ்லைடுல ஃபேக்டரியிலேயே ஒரு பள்ளம், அதுல ஒரு தகடு, தகட்டு மேல ஆப்டிக். தகடு எதுக்குன்னா, ஒவ்வொரு கம்பெனி ஆப்டிக்குக்கும் அடிப்பக்கத் துளை வேற வேற இடத்துல. ட்ரைஜிகான் ஆர்எம்ஆர் ஒரு மாதிரி, ஷீல்டு ஒரு மாதிரி, ஏம்பாயிண்ட் அக்ரோ பக்கவாட்டுல கவ்விக்கும். நம்ம ஃபீல்டுல சொன்னா, ஆளாளுக்கு ஒரு ஏபிஐ எழுதி வெச்சுட்டாங்க, நடுவுல நாம அடாப்டர் எழுதுறோம். அடாப்டர் எழுதினவங்களுக்குத் தெரியும், புதுசா பிரச்சினை அங்கேர்ந்துதான் முளைக்கும்.

மெக்கானிக்கல் பசங்க இதைக் கவனிங்க. திருகோட வேலை ஆப்டிக்கைக் கீழ அழுத்திப் பிடிக்கிறது மட்டும்தான். முன்னும் பின்னும் தள்ளுற விசையை, தகட்டுல இருக்குற சின்னக் குமிழ்களும் பள்ளத்தோட சுவரும் வாங்கிக்கணும். தகடு லூஸா இருந்தா அந்த விசை நேரா திருகு மேல வரும். குண்டூசி மாதிரி இருக்குற அந்தத் திருகு ஒருநாள் கழண்டுக்கும், இல்லன்னா அறுந்துபோகும். அதனாலதான் டார்க் ரெஞ்ச் வெச்சு சொன்ன அளவுக்கு முறுக்கி, லாக்டைட் போட்டு, திருகுத் தலையில இருந்து பாடிக்கு ஒரு பெயிண்ட் கோடு இழுத்து வைப்பாங்க. கோடு பிசகினா திருகு அசைஞ்சிருக்குனு அர்த்தம். திருகு கொஞ்சம் நீளமா போயிட்டாலும் வம்பு. சில மாடல்ல அது ஸ்லைடுக்குள்ள எக்ஸ்ட்ராக்டரை அழுத்துற கம்பியில போய் இடிச்சு, காலிக் குப்பி வெளிய வராம சிக்கிக்கும். ஆர்எம்ஆர்ல பேட்டரி அடிப்பக்கம் இருக்கு. அதை மாத்தணும்னா மொத்த ஆப்டிக்கையும் கழட்டணும், மாட்டினப்புறம் புள்ளி பழைய இடத்துலதான் இருக்கான்னு திரும்பச் சுட்டுப் பாக்கணும். இதை டிசைன் பண்ணவங்க பேட்டரியை அவங்களே மாத்திப் பாத்திருக்க மாட்டாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

அடுத்தது சொரசொரப்பு. பழைய இரும்பு பிஸ்டல்ல பிடியோட முன்பக்கம் குறுக்கும் நெடுக்கும் கோடு வெட்டுவாங்க, ஒரு இஞ்சுக்கு 20 கோடு, 25 கோடுனு கணக்கு. இப்ப பிளாஸ்டிக் பிடி, அதனால அச்சுலயே முள்ளு முள்ளா வார்க்குறாங்க. சில பேர் சால்டரிங் அயர்ன் மாதிரி ஒண்ணை வெச்சு ஆயிரக்கணக்குல புள்ளி வெக்கிறாங்க. 9 எம்எம் குண்டு வெடிக்கிறப்ப துப்பாக்கி கைக்குள்ள எகிறித் திரும்பப் பாக்கும். கை ஒரு நூல் நழுவினாலும் அடுத்த குண்டுக்கு மறுபடி பிடிச்சாகணும். அந்த நழுவலைத் தடுக்கத்தான் சொரசொரப்பு. ரொம்ப சொரசொரப்பா வெச்சா சட்டையைக் கிழிக்கும், உள்ளங்கையையும் கிழிக்கும்.

சரி, இதெல்லாம் நமக்குக் கிடைக்குமா? கிடைக்காது. 1959 ஆயுதச் சட்டப்படி 9 எம்எம் தடை செய்யப்பட்ட ரகம். நீங்களும் நானும் லைசென்ஸ் கேட்டுப் போனா .32 பத்திதான் பேசுவாங்க, அதுவும் லேசுல வராது. ஆக, ரீல்ஸ் ரீல்ஸாவே இருக்கட்டும். ஆரணியில ஒரு பத்தாவது படிக்கிற பிள்ளை சட்டப்படி, முறையா கையில எடுக்கக்கூடிய பிஸ்டல்னா 10 மீட்டர் ஏர் பிஸ்டல். 4.5 மி.மீ. ஈயப் பெல்லட், அழுத்தின காத்து. .177 அளவுக்குள்ள, 20 ஜூலுக்குள்ள இருந்தா லைசென்ஸ் வேண்டாம். 2022-ல திருச்சியில நடந்த மாநிலப் போட்டியில அஜித் தங்கம் வாங்கினப்பதான் இப்படி கிளப்பெல்லாம் இருக்குன்னே நம்ம பசங்க பல பேருக்குத் தெரிஞ்சுது. 2024 பாரிஸ்ல மனு பாக்கர் வெண்கலம் வாங்கினதும் இந்த ரகத்துலதான்.

இந்த ஏர் பிஸ்டல்ல ஆப்டிக் கூடாது. சர்வதேச விதி தெளிவா சொல்லுது: லென்ஸ், டெலஸ்கோப், லேசர், எலக்ட்ரானிக் புள்ளி, எதுவும் துப்பாக்கி மேல இருக்கக்கூடாது. கட்டையும் பள்ளமும் மட்டும். அப்ப துல்லியம் எங்கேர்ந்து வருது?

ஒரு சின்னக் கணக்கு. ரெண்டு சைட்டுக்கும் நடுவுல சுமார் 32 செ.மீ. இலக்கு 10 மீட்டர், அதாவது அந்த இடைவெளியைப் போல 31 மடங்கு. பள்ளத்துக்குள்ள கட்டை 1 மி.மீ. ஒரு பக்கம் ஒதுங்கினா பெல்லட் 31 மி.மீ. தள்ளிப் போய் விழும். நடுவட்டத்தோட விட்டமே 11.5 மி.மீ.தான். உங்களுக்குக் கிடைக்கிறது 7. இப்ப வேற மாதிரி பாருங்க. ரெண்டு சைட்டும் கச்சிதமா நேரா இருக்கு, ஆனா கை நடுங்கி மொத்தத் துப்பாக்கியும் பக்கவாட்டுல 7 மி.மீ. நகர்ந்துடுச்சு. பெல்லட்டும் 7 மி.மீ.தான் நகரும், அதோட ஓரம் வட்டத்தைத் தொட்டுடும். பத்து!

அதாவது கை நடுங்குறது பெரிய குத்தமே இல்ல. மணிக்கட்டு திரும்புறதுதான் குத்தம். அதைத் தீர்மானிக்கிறது பிடி. ரெட் டாட்ல தகடும் திருகும் பண்ற வேலையை இங்க உள்ளங்கை பண்ணுது. கைதான் மவுண்ட். ஒலிம்பிக்ஸ் பிடி அப்படிக் கோணல்மாணலா, கையை வார்த்து எடுத்த மாதிரி இருக்குறதுக்குக் காரணம் இதுதான். உதைப்புன்னு சொல்ற அளவுக்கு எதுவும் இல்லாத துப்பாக்கி அது. அங்க சொரசொரப்பு நழுவாம இருக்க இல்ல. ஒவ்வொரு தடவையும் கை அதே இடத்துல உக்காந்துச்சான்னு தோலுக்குத் தெரியணும், அதுக்காக. 60 தடவை எடுக்கணும், 60 தடவையும் ஒரே மாதிரி.

இதை நான் இவ்வளவு நோண்டினதுக்கு ஒரு காரணம் இருக்கு. எங்க தெருவுல நெசவுக் குடும்பத்துப் பொண்ணு ஒருத்தி. என்சிசியில ரைஃபிள் தொட்டு, அப்புறம் பிஸ்டலுக்கு வந்தவ. சனி ஞாயிறு பஸ் புடிச்சு வெளியூர் கிளப்புக்குப் போறா. சொந்தத் துப்பாக்கி இல்ல. இறக்குமதி பிஸ்டல் லட்சத்தைத் தாண்டும், பட்டு நெய்யுற வீட்டுல அது எத்தனை மாசக் கூலி! கிளப் துப்பாக்கிதான். அதோட பிடி மீடியம் சைஸ், இவ கை சின்னக் கை. ட்ரிகருக்கு விரல் எட்டாம, பிடியைச் சுத்திக் கையை நகர்த்திப் பிடிக்கிறா. அப்ப கட்டை ஒரு பக்கம் ஒதுங்கும், அதை நேராக்க மணிக்கட்டை மடக்குறா. பத்து ஷாட்டுக்கு ஓகே. நாப்பதாவது ஷாட்ல மணிக்கட்டு வலிச்சுக் கை விட்டுடும். முதல் நாலு சீரிஸ் நல்லா போய், கடைசி ரெண்டுல சரியுறது அதனாலதான். கூட இருந்தவங்க "டென்ஷன் ஆவுற, யோகா பண்ணு"ன்னு சொல்லிட்டாங்க.

அவங்க அப்பா ஒருநாள் எங்கிட்ட, "ஏம்பா தம்பி, நீ இன்ஜினியருதானே, அந்தக் கட்டையைக் கொஞ்சம் செதுக்கித் தர முடியாதா?"ன்னு கேட்டார். செதுக்கலாம்ணே, ஆனா அது கிளப்போட சாமான், நம்ம இஷ்டத்துக்கு அரம் போட முடியாது. அவர் கேட்ட விதம்தான் எனக்குப் பிடிச்சுது. நாடா இழுக்குற கயித்துப் பிடி அவர் கைக்குத் தேஞ்சு வழவழன்னு ஆயிருக்கும், வேற ஆள் உக்காந்தா கை கூசும். பிடி சரியில்லன்னு அவருக்கு உடனே புரிஞ்சுது. யோகான்னு அவர் சொல்லல.

வழி ரொம்ப சிம்பிள். இந்த மரப்பிடி பெரும்பாலும் ஒரே திருகுலதான் மாட்டியிருக்கும். அதே மாடலுக்கு ஸ்மால் சைஸ் பிடியை மட்டும் தனியா வாங்கலாம். ஜெர்மனியில ரிங்க்னு ஒருத்தர், கையோட அளவை வரைஞ்சு அனுப்பினா அதுக்கேத்த மாதிரியே பிடி செஞ்சு தர்றாங்க. அது நம்ம பட்ஜெட் இல்ல. பழசா ஒரு ஸ்மால் பிடி கிடைச்சுது. கோச் கிட்டச் சொல்லி அனுமதி வாங்கியாச்சு. துப்பாக்கி கிளப்போடது, பிடி இவளோடது. போனதும் மாட்டிக்கணும், வர்றப்ப கழட்டிப் பையில போட்டுக்கணும்.

அப்புறம் எம்-சீல். பிசைஞ்சு, கைக்கும் மரத்துக்கும் நடுவுல எங்க இடைவெளி இருக்கோ அங்க அப்பி, காயறதுக்குள்ள அழுத்திப் பிடிச்சு, காஞ்சதும் உப்புத்தாள். கொஞ்சம் அப்பு, கொஞ்சம் தேய். டெஸ்ட் என்னன்னா, கண்ணை மூடிக்கிட்டு கையைத் தூக்கணும், ரெண்டு தடவை மூச்சு விட்டுக் கண்ணைத் திறக்கணும். கட்டை பள்ளத்துக்கு நடுவுல தானா நின்னா பிடி சரி. ஒதுங்கி நின்னா கையைத் திருத்தாதே, பிடியைத் திருத்து. நாலு ராத்திரி ஆச்சு. நான் முதல்ல த்ரீடி பிரிண்ட் பண்ணலாம்னுதான் சொன்னேன். அந்தப் பொண்ணு, "வேணாண்ணா, பிளாஸ்டிக் வேர்த்தா வழுக்கும்"னுட்டா. நம்ம ஊர் மே மாசத்துல அவ சொன்னது சரிதான்.

ஆனா இஷ்டத்துக்கு அப்பவும் முடியாது. போட்டிக்கு முன்னாடி சோதனை உண்டு. துப்பாக்கி முழுசா 420, 200, 50 மி.மீ. பெட்டிக்குள்ள அடங்கணும். எடை 1,500 கிராமுக்கு மேல போகக்கூடாது, ட்ரிகர் குறைஞ்சது 500 கிராம் தாங்கணும். உள்ளங்கை உக்காருற அந்தத் தட்டு பிடிக்கு 90 டிகிரிக்குக் குறையாம நிக்கணும், மணிக்கட்டு எதிலயும் சாயாம ஃப்ரீயா இருக்கணும். மாட்டிக்கிறது எப்பவும் அந்த 50 மி.மீ. அகலம்தான். ரெண்டு பக்கமும் எம்-சீல் அப்பினா தாண்டிடும். அவங்க அப்பா புடவை வெக்கிற அட்டைப்பெட்டியை வெட்டி அதே அளவுல ஒரு பெட்டி ஒட்டிக் கொடுத்துட்டார். கிளப்ல அதுக்குள்ள வெச்சுப் பாத்தாங்க, கட்டைவிரல் பக்கம் இடிச்சுது. மறுபடி உப்புத்தாள்.

ஸ்கோர் ஏறுச்சான்னு கேக்காதீங்க, மூணு வாரம்தான் ஆவுது. மணிக்கட்டு வலி நின்னுடுச்சு. கடைசி ரெண்டு சீரிஸ் சரியறது குறைஞ்சிருக்குன்னு அவ நோட்டுல எழுதி வெச்சிருக்கா. பாக்கி அவ வேலை.

இன்னொண்ணு, கண்ணாடி போட்ட ஐடி மக்களுக்காக. துப்பாக்கி மேலதான் லென்ஸ் கூடாது, உங்க மூஞ்சி மேல இருக்கலாம். பவர் மட்டும் கொஞ்சம் மாத்தணும்: இலக்கு மங்கலா தெரியட்டும், கை நீளத்துல இருக்குற ஃப்ரண்ட் சைட் பளிச்சுனு தெரியணும். அதுக்குக் கொஞ்சம் ப்ளஸ் சேர்ப்பாங்க. கண் டாக்டர்கிட்ட போறப்ப, கையை நீட்டினா கட்டைவிரல் நகம் இருக்குற தூரம்னு சொல்லுங்க, புரிஞ்சுக்குவாங்க. பாரிஸ்ல பாக்கெட்ல கையை விட்டுக்கிட்டு வெள்ளி வாங்கின துருக்கிக்காரர் யூசுஃப் டிகேச் போட்டிருந்ததும் சாதாரணக் கண்ணாடிதான். அந்த மீம் வந்தப்ப எல்லாரும் அவர் பாக்கெட்டையே பாத்தாங்க. நீங்க மறுபடி அந்தப் படத்தை எடுத்து, அவர் இன்னொரு கையோட மணிக்கட்டைப் பாருங்க.

அடுத்த வாரம் ஜக்கார்டு அட்டையில இருந்து பஞ்ச் கார்டு வரைக்கும் பேசுவோம். பக்கத்து வீட்டுத் தறியையே மைக் முன்னாடி உக்கார வெச்சுடலாம்னு இருக்கேன். வரேன் மக்களே.