தூரமும் நேரமும்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைக்கும் என்பது நீங்கள் கணக்குப் பாடத்தில் கற்ற விதி. அந்த விதி எங்கே நமக்குக் கைகொடுக்கிறது, எங்கே போதாமற் போகிறது என்பதை இரண்டு சிறு தீவுகளைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

ஸ்காட்லாந்தின் வடகோடிக்கு அப்பால் ஆர்க்னி என்னும் தீவுக்கூட்டம் இருக்கிறது. அதில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்னும் இரு தீவுகள் அருகருகே அமைந்துள்ளன. இவற்றின் விமானத் தளங்களுக்கு இடையேயுள்ள தூரம் சுமார் 2.7 கிலோமீட்டரே. எடின்பரோ விமான நிலையத்தின் ஓடுபாதையும் ஏறக்குறைய இவ்வளவு நீளமுடையதுதான்! 1967ஆம் ஆண்டில் லோகனேர் என்னும் நிறுவனம் இங்கே விமானப் போக்குவரத்தைத் தொடங்கிற்று. கால அட்டவணைப்படி நடைபெறும் விமானப் பயணங்களுள் உலகிலேயே மிகக் குறுகியது இதுவே.

இங்கே பறப்பது ‘ஐலண்டர்’ என்னும் சிறு விமானம். அதற்கு இரண்டு எஞ்சின்கள். ஒரே ஒரு விமானி. பயணிகள் பத்துப் பேருக்கும் குறைவே. அதன் வேகம் மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர், அதாவது நிமிடத்துக்கு 4 கிலோமீட்டர் என்று கொள்வோம். நம் விதிப்படி பயண நேரம் ஏறத்தாழ 40 விநாடி. ஆனால் அட்டவணை தருவதோ 2 நிமிடம். மிக விரைவாக நிறைவேறிய பயணங்கூட 53 விநாடி பிடித்தது.

இந்த வேற்றுமைக்குக் காரணம் யாது? விமானம் நின்ற நிலையிலிருந்து ஓடி, வேகம் பெற்று, மேலெழ வேண்டும். எழுந்த சற்று நேரத்திலேயே வேகத்தைத் தணித்து இறங்கவும் வேண்டும். முழு வேகத்தோடு பறக்க அதற்கு இடமே இல்லை. மேலும், எழும்போதும் இறங்கும்போதும் விமானம் காற்றை எதிர்கொள்வதே முறையாதலால், சில வேளைகளில் சுற்றி வரவும் நேரும். பத்து மணி நேரப் பயணத்தில் இத்தகைய சில நிமிடங்கள் கண்ணுக்குத் தெரியா. இரண்டு நிமிடப் பயணத்திலோ அவையே பெரும்பகுதி.

இவ்வளவு சிறிய தூரத்துக்கு விமானம் எதற்கு என்று நீங்கள் வினவலாம். 2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி பாப்பா வெஸ்ட்ரேயில் வாழ்ந்தவர் 90 பேர். ஆர்க்னியின் தலைநகரான கிர்க்வாலிலிருந்து வெஸ்ட்ரேக்குக் கப்பலில் வர ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். அங்கிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்குப் படகேற வேண்டும். குளிர்காலத்தில் அந்தக் கடல் எப்போதும் இணங்குவதில்லை. விமானமோ கிர்க்வாலிலிருந்து கால்மணி நேரத்தில் வெஸ்ட்ரேயை அடைந்துவிடுகிறது. ஆசிரியர்களும் மருத்துவர்களும் அதில் ஏறித் தீவுகளுக்குச் சென்று, கடமை முடித்துத் திரும்புகின்றனர். ஆகவே, அந்த 2 நிமிடம் ஒரு நீண்ட வழியின் கடைசிக் கண்ணி. அதை வேடிக்கை என்று எண்ணிவிடலாகாது. பயணச் சீட்டின் வருமானம் ஒன்றைக் கொண்டே இத்தகைய சேவையை நடத்த இயலாது. ஆர்க்னி தீவுகளின் மன்றம் பொதுப் பணத்தால் அதைத் தாங்குகிறது. தொண்ணூறு பேருக்காக இது தகுமா என்று கேட்போர், நோயுற்ற ஒருவர் மருத்துவருக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரிலிருந்து அருகிலுள்ள மருத்துவமனைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். பேருந்துக்குக் காத்திருப்பது முதல் மருத்துவரின் வாயிலை அடைவது வரை ஆகும் நேரத்தையும் அளந்து, தூரத்தை அந்த நேரத்தால் வகுத்துப் பாருங்கள். வரும் விடை பேருந்தின் வேகத்தைவிட எவ்வளவு குறைவு என்று கண்டு, அதற்கான காரணங்களை வரிசைப்படுத்துங்கள்.