நார் சுமக்கும், பொடி நிரப்பும்

(பண்ணை ஒலிபரப்பில் ஆற்றிய உரை)



மண் சுவர் எழுப்பியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். மண்ணைக் குழைக்கும்போது வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதிப்பார்கள். வெறும் களிமண்ணில் சுவர் வைத்தால் காய்ந்தவுடன் பாளம் பாளமாக வெடிக்கும். வைக்கோல் இருந்தால் வெடிப்பின் இரண்டு பக்கத்தையும் அது பிடித்துக் கொள்ளும். நெல் கொட்டும் குதிருக்கும் இதே கைவேலைதான். அதே மண்ணில் கொஞ்சம் மணலும் சேர்ப்பார்கள். மணல் எதையும் பிடித்து இழுக்காது. ஆனால் மண் சுருங்குவதைக் குறைக்கும், களிமண்ணை மிச்சப்படுத்தும். வைக்கோலின் வேலை வேறு, மணலின் வேலை வேறு. மணல் அளவு மீறினால் சுவர் உதிர்ந்து போகும் என்பதும் அந்தக் கொத்தனாருக்குத் தெரியும்.

இன்று நாம் வாங்குகிற பிளாஸ்டிக் சாமான்களில் நடப்பதும் இதுதான். பல சாமான்கள் தனிப் பிளாஸ்டிக்காக வருவதில்லை. உள்ளே நார் இருக்கும், அல்லது பொடி இருக்கும், சிலதில் இரண்டுமே இருக்கும். நார் சுமை தாங்கும். பொடி இடத்தை நிரப்பும். எதில் எது இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு அவஸ்தைப்படுகிறோம்.

என் தாய்மாமன் கதையைச் சொல்கிறேன். தொட்டியம் பக்கம் வாழை விவசாயம். கிணற்றிலிருந்து மேட்டு வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோக 90 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய் நாற்பது வாங்கிப் பதித்தார். முதல் வருஷம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வருஷக் கோடையில், தார் தள்ளுகிற சமயம் பார்த்து, மோட்டாரைப் போட்டதும் படார் என்று ஒரு குழாய் நீளவாக்கில் பிளந்தது. அதை மாற்றிய மறுநாள் இன்னொன்று. அப்புறம் ஒன்பது நாள் மேட்டு வயலுக்குத் தண்ணீர் இல்லை. தார் சிறுத்து, காய் விரல் தடிமனுக்கு நின்றுவிட்டது.

நான் போனபோது மாமா உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஏன் மாப்ளே, ரெண்டு கடையில தூக்கிப் பாத்து, கனமா இருந்ததத்தானே வாங்கினேன்? கனமா இருந்தா கெட்டியா இருக்கும்னுதானே நெனப்போம்!" என்றார்.

எந்தக் கடை, எந்தக் குழாய் என்பது இங்கே வேண்டாம். ஆனால் மாமா சொன்ன அந்தக் கனத்தில்தான் விஷயம் இருக்கிறது.

பி.வி.சி. பிசின் தண்ணீரைப் போல 1.4 மடங்கு கனம். அதோடு கலக்கிற பொடி சுண்ணாம்புக்கல் மாவு. வாத்தியார் எழுதுகிற சாக்குக்கட்டி வகை என்று வைத்துக் கொள்ளுங்கள். அது தண்ணீரைப் போல 2.7 மடங்கு கனம், விலையோ பிசினைவிட மிகக் குறைவு. நல்ல குழாயிலும் இந்த மாவு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். குழாயை ஒழுங்காக வார்க்க அது உதவும். அதைக் குற்றம் சொல்லக் கூடாது. கொள்ளை லாபத்துக்காக மாவை அள்ளிப் போடும்போதுதான் வினை. ஒரே அளவு, ஒரே தடிமன் உள்ள இரண்டு குழாயில் மாவு அதிகம் உள்ளதே கையில் கனமாக இருக்கும். மாமா கெட்டி என்று நினைத்து வாங்கியது மாவின் கனம்.

மாவு ஏன் குழாயைப் பலவீனப்படுத்துகிறது? மாவுத் துகள் வைக்கோல் மாதிரி நீளமானது இல்லை, உருண்டை. இருபக்கத்தையும் பிடிக்காது. மோட்டார் போடும்போதும் நிறுத்தும்போதும் குழாய்க்குள் தண்ணீர் முன்னும் பின்னும் மோதும். அந்த நேரத்தில் குழாயின் சுவர் நாலா பக்கமும் இழுபடும். துகளுக்கும் பிசினுக்கும் நடுவே ஒட்டுதல் விட்டு மயிரிழை போல விரிசல் தொடங்கும். சுற்றிலும் பிசின் நிறைய இருந்தால் அது கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்து விரிசலை அங்கேயே நிறுத்தும். மாவு நெருக்கமாக இருந்தால் ஒரு துகளிலிருந்து அடுத்த துகளுக்கு விரிசல் தாவிப் போகும். அப்புறம் என்ன, பிளவுதான்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். சமையலுக்கு வைத்திருக்கிற மின் தராசு, ஒரு கிராம் வரை காட்டுவது, அது போதும். குழாயில் ஒரு சாண் நீளம் அறுத்து, அதை இரண்டாக்கி, அறுத்த ஓரத்துப் பிசிரைச் சுரண்டிவிட்டு எடை போடுங்கள். 290 கிராம் என்று வைத்துக்கொள்வோம். எடையைக் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு தராசின்மேல் ஒரு பாத்திரத்தில் தண்ணீரை வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். துண்டுகளை நூலில் கட்டி, தண்ணீரில் முழுதும் முங்கும்படி, ஆனால் பாத்திரத்தின் அடியிலோ பக்கத்திலோ படாதபடி கையால் தொங்கவிடுங்கள். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை ஆட்டி உதறிவிட வேண்டும். இப்போது தராசு ஒரு எண்ணைக் காட்டும். அது 200 என்றால் 290-ஐ 200-ஆல் வகுங்கள். 1.45 வரும்.

பி.வி.சி. குடிநீர்க் குழாய்க்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 4985. அதில் சொல்லியிருக்கும் அடர்த்தி 1.40-க்கும் 1.46-க்கும் நடுவில். நம் கைத் தராசில் ஒன்றிரண்டு புள்ளி முன்பின் ஆகலாம், அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். மாமாவின் துண்டைப் போட்டுப் பார்த்தோம். எடை 320, தண்ணீரில் 200. வகுத்தால் 1.60. பிசின் 100 கிலோவுக்கு மாவு 40 கிலோ கலந்தால் ஏறக்குறைய அந்தக் கணக்கு வரும். மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சுண்ணாம்ப வெல கொடுத்து வாங்கி மண்ணுல பொதைச்சிருக்கேன்" என்றார்.

நாற்பது குழாயையும் வாங்கிப் பதித்த பிறகு இந்தச் சோதனை என்ன பயன் என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதனால் முதலில் ஒரு குழாய் மட்டும் வாங்கி அறுத்துப் பாருங்கள். ஒரு குழாய் விலை போனாலும் ஒரு வெள்ளாமை தப்பும். குழாயின்மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரை, தர எண், அளவு, 4 கிலோ 6 கிலோ என்கிற அழுத்த வகுப்பு, தயாரித்தவர் பெயர் எல்லாம் அச்சாகி இருக்கிறதா என்று பார்த்து, பில்லும் வாங்குங்கள். கத்தியால் ஓரத்தைச் சீவினால் நல்ல குழாய் சுருள் சுருளாக வரும். மாவு மிகுந்தது பொடிப் பொடியாக உதிரும். இது ஒரு குத்துமதிப்பான அடையாளம்தான், தராசுக் கணக்குக்குப் பதில் ஆகாது. அடர்த்தி சரியாக இருந்தும் சுவர் மெல்லியதாக இருந்தால் அதுவும் உடையும். ஆகவே தடிமனையும் அளந்து பாருங்கள்.

பொடி என்றாலே கலப்படம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டிராக்டர் டயர் ஏன் கறுப்பாக இருக்கிறது? ரப்பர்ப் பால் வெள்ளை. ஆதியில் டயரும் வெளிர் நிறமாகத்தான் இருந்தது, சீக்கிரம் தேய்ந்து போகும். புகைக்கரியை ரப்பரோடு பிசைந்த பிறகு டயரின் ஆயுள் பல மடங்கு கூடியது. அந்தக் கரித்துகள் அவ்வளவு நுண்ணியது, ரப்பரோடு இறுகப் பிடித்துக் கொள்ளும். கறுப்புப் பாலித்தீன் குழாயில் நூற்றுக்கு இரண்டிலிருந்து மூன்று பங்கு வரை கரி சேர்ப்பது வெயில் தாங்குவதற்காக. நம் உமியும் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. 100 கிலோ நெல்லில் ஏறக்குறைய 20 கிலோ உமி. அதை எரித்தால் 4 கிலோ சாம்பல். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. உமிச் சாம்பலிலிருந்து எடுத்த சிலிக்காவை டயரில் சேர்க்கப் போவதாகக் குட்இயர் கம்பெனி 2014-ல் அறிவித்தது. ஆலைக்குப் பின்னால் குவிந்து கிடந்து கண்ணில் பறக்கிற சாம்பலுக்கு வந்த மவுசைப் பாருங்கள்!

இனி நாருக்கு வருவோம். கண்ணாடியை உருக்கி நூலாக இழுத்து, பாய் போலப் பரப்பி, பிசின் ஊற்றி இறுகவிடுவதுதான் பைபர் கிளாஸ். சாண எரிவாயுக் கலத்தின் மிதக்கும் மூடி, கடற்கரையில் மீனவர்கள் ஓட்டும் பைபர் படகு எல்லாம் இதுதான். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மேல் பூச்சு தேய்ந்து நார் வெளியே தெரிந்தால், அந்த வழியே தண்ணீர் உள்ளே ஊறி நாரையும் பிசினையும் பிரித்துவிடும். தெரிந்தவுடனே தேய்த்துச் சுத்தம் செய்து, நன்றாகக் காயவிட்டு, பிசின் பூசி அடைத்துவிட வேண்டும். தேய்க்கும்போது முழுக்கைச் சட்டை போட்டு, மூக்கையும் வாயையும் கட்டிக் கொள்ளுங்கள். அந்தத் தூசி பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும், மூச்சில் போவதும் நல்லதல்ல.

கண்ணாடி நாருக்குப் பதிலாக நம் தோட்டத்து நாரைப் போட முடியாதா? முடிகிறது. மெர்சிடிஸ் கார் கம்பெனி 2000-களின் நடுவில், ஒரு சிறிய காரின் அடிப்பக்கத்தில் உபரிச் சக்கரம் வைக்கிற குழியின் மூடியைப் பிலிப்பைன்ஸ் நாட்டு அபாகா நார் கலந்த பிளாஸ்டிக்கில் செய்தது. அபாகா என்பது வாழைக் குடும்பத்து மரம், நம் வாழைக்குப் பங்காளி. அதற்கு முன் அந்த இடத்தில் கண்ணாடி நார் இருந்தது. நம் நாட்டிலும் தென்னை நார்ப் பாயைப் பிசினில் தோய்த்து அழுத்தி, மரப்பலகைக்குப் பதிலான பலகை செய்கிறார்கள். தென்னை நார் தண்ணீரில் சுலபத்தில் மக்காது, ஆனால் இழுத்தால் நீளும். வாழை நாரும் ரயில் கற்றாழை நாரும் அவ்வளவு நீளாது, விறைப்பு அதிகம். இவை எல்லாமே கண்ணாடி நாரைவிட ஏறக்குறைய பாதி கனம்தான். பலமும் அதைவிடக் குறைவு. அதை மறைத்துப் பேசுகிற வியாபாரியை நம்பாதீர்கள்.

பச்சை நாருக்கு இரண்டு குறைகள். ஒன்று, தண்ணீரைக் குடிக்கும். ஈரத்தோடு போன நாரைச் சூட்டு அச்சில் வைத்தால் உள்ளே ஆவி கிளம்பிக் குமிழி குமிழியாகிவிடும். இன்னொன்று, நாரின்மேல் பசையும் சோறும் ஒட்டியிருந்தால் பிளாஸ்டிக் அதன்மேல் பிடிக்காது. மண்ணோடு சேராத வைக்கோல் போலச் சும்மா உள்ளே கிடக்கும். காரக் கரைசலில் அலசுவது தொழிற்சாலைக்காரர் வேலை. நம் வேலை அதற்கு முன்னால். தார் வெட்டியதும் தண்டு கறுக்கும் முன் நாரை உரித்துவிட வேண்டும். நல்ல தண்ணீரில் அலசி, சோறு நீக்கி, தரையில் போடாமல் கொடியில் உலர்த்தி, நீளம் பார்த்துக் கட்டுக் கட்டாகப் பிரிக்க வேண்டும். மழையில் நனைந்து மஞ்சள் பூத்த நாரை நல்ல நாரோடு கலந்தால் மொத்தக் கட்டுக்கும் விலை போச்சு.

வாழைத் தண்டில் 100-க்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர்தான். 100 கிலோ தண்டு உரித்தால் ஏறக்குறைய ஒரு கிலோ நார் கிடைக்கும். ஆகவே தண்டை லாரியில் ஏற்றித் தூரத்து ஆலைக்கு அனுப்புவது தண்ணீருக்கு வாடகை கொடுக்கிற கதை. உரிக்கிற எந்திரம் தோட்டத்துப் பக்கத்தில் இருந்தால்தான் கட்டும். அதையும் நாலு பேர் சேர்ந்து வாங்குங்கள். அதற்கு முன்னால் வாங்குகிறவர் யார், மாதம் எத்தனை கிலோ எடுப்பார், என்ன ஈரத்தில் எடுப்பார் என்று எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். எந்திரத்தை வாங்கிவிட்டு ஆள் தேடியவர்களின் கொட்டகையில் அது துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். திருச்சி அருகே தாயனூரில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் விசாரித்தால் நார் எடுக்கும் முறையைத் தெரிந்து கொள்ளலாம்.

மாமா போன தையில் குழாய் முழுவதையும் மாற்றிவிட்டார். இந்தத் தடவை கடைக்குப் போகும்போது தராசும் நூலும் பையில் இருந்தன. தோண்டி எடுத்த பழைய குழாய்களைத் தோட்டத்தில் பந்தக்கால் நட்டிருக்கிறார். புடலங்கொடி ஏறியிருக்கிறது.