48 மணி நேரம் போதாது, ஒரு மண்டலம் கவனியுங்கள்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியையான உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கார்த்திகையில் நம் கேட் அருகே என்னை ஒரு சைக்கிள் இடித்தது உங்களில் பலருக்குத் தெரியும். பால் வாங்கிக்கொண்டு வந்த நான் பக்கவாட்டில் விழுந்தேன். நடைபாதை விளிம்பில் தலை லேசாகத் தட்டியது. ரத்தம் இல்லை, முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஓட்டி வந்த பையன் அழுதுவிட்டான். "ஒண்ணுமில்லப்பா, சைக்கிள்தானே, நீ ஸ்கூலுக்குப் போ" என்று அனுப்பி வைத்ததே நான்தான். தைலம் தடவிக்கொண்டு சமையலைப் பார்க்கப் போய்விட்டேன்.

மூன்றாவது வாரம் தலைவலி வந்தது. கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று நினைத்தேன். பிறகு இடது கையிலிருந்து டம்ளர் நழுவியது. பேத்தியைக் கூப்பிட்டால் மகள் பெயர் வாயில் வந்தது. வயசாகிவிட்டது என்று வீட்டில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஸ்கேன் எடுத்த பிறகுதான் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் கட்டியிருப்பது தெரிந்தது. துளையிட்டு எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டேன்.

ஏன் இத்தனை நாள் தாமதம்? வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்குகிறது. அதற்கும் மண்டையோட்டுக்கும் இடையே போகும் மெல்லிய ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கின்றன. சின்ன அடியிலேயே ஒன்று கிழிந்து, சொட்டுச் சொட்டாகக் கசியலாம். ஆஸ்பிரின் போன்ற, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பச்சை மண்ணில் தெரியாத விரிசல் சூளையில் வெந்த பிறகு தெரியும் என்பதை நம் செராமிக் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"சைக்கிள்தானே" என்ற வார்த்தையை நான் இப்போது சொல்வதில்லை. மணிக்கு 20 கிலோமீட்டரில் வரும் சைக்கிளின் வேகம், ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும் வேகத்துக்கு ஏறத்தாழ சமம். அதோடு முடிவதில்லை, அடுத்து நாம் தரையில் விழுகிறோம். கையை ஊன்றினால் மணிக்கட்டு முறியும். பக்கவாட்டில் விழுந்தால் இடுப்பு எலும்பு. முழங்கால் மூட்டுக்குள் முறிவு ஏற்பட்டால், எலும்பு கூடிய பிறகும் பல வருடம் கழித்துத் தேய்மானம் வரலாம். 2016-ல் லண்டனில், முன் பிரேக் இல்லாத சைக்கிள் இடித்துத் தலையில் அடிபட்ட ஒரு பெண் சில நாட்களில் இறந்தே போனார்.

எனக்கு இன்னும் தீராதது பயம். பின்னால் மணிச் சத்தம் கேட்டால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறேன். பாலக்கரைக்குத் தனியாகப் போய் நான்கு மாதம் ஆகிறது. விழுந்தவருக்குப் பயம் வரும், பயத்தில் வீட்டுக்குள்ளேயே உட்காருவார், உட்கார்ந்தால் கால் தசை தளரும், தளர்ந்தால் மறுபடி விழுவார். இந்தச் சுழல் ஸ்கேனில் தெரியாது.

2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் என் பாதிப்பு வெளியே வந்ததே மூன்றாவது வாரம். மோட்டார் வாகனங்களுக்கு இருப்பதுபோல் சைக்கிளுக்குக் கட்டாயக் காப்பீடும் இல்லை, செலவு நம் கையைக் கடிக்கும். ஆகவே 48 நாள், அதாவது ஒரு மண்டலம், நாம்தான் ஒருவரை ஒருவர் கவனிக்க வேண்டும்.

மூன்று வேண்டுகோள்.

ஒன்று, யார் விழுந்தாலும், எவ்வளவு சின்ன அடியானாலும், தேதியோடு கேட் பதிவேட்டில் எழுதுங்கள். தலைவலி கூடிக்கொண்டே போவது, வாந்தி, ஓயாத தூக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் தளர்வது, குழப்பம் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். விழுந்த விவரத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நான் சொல்ல மறந்தேன்.

இரண்டு, கேட்டுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாருங்கள். இரண்டு பிரேக்கும் மணியும் வேலை செய்கின்றனவா என்று பெற்றோர் மாதம் ஒருமுறை பாருங்கள்.

மூன்று, விழுந்து எழுந்தவரைத் தனியே விடாதீர்கள். மாலையில் பத்து நிமிடம் கூட நடந்து வாருங்கள்.

சைக்கிளைத் தடை செய்யச் சிலர் கேட்டார்கள். வேண்டாம். அரசு தரும் விலையில்லா சைக்கிளில் ஏறித்தான் என்னிடம் படித்த எத்தனையோ பிள்ளைகள் பிளஸ் டூ முடித்தார்கள்.

கடைசியாக ஒன்று. அந்தத் தம்பி இன்றும் என்னைப் படிக்கட்டில் பார்த்தால் திரும்பிப் போய்விடுகிறான். அடிபட்டது எனக்கு மட்டுமில்லை. தம்பி, பின்வரிசையில் நீ உட்கார்ந்திருப்பது தெரிகிறது. நாளை மாலை என்னோடு பாலக்கரை வரை நடந்து வா. சைக்கிளையும் உருட்டிக்கொண்டே வா, அந்த மணிச் சத்தம் எனக்குப் பழக வேண்டும்.